ஒரு ரவுண்டு 30 யூரோ!

ஏழாவது படிக்கும்போதே என்னிடம் ஒரு நிஸான் ஸ்கைலைன் இருந்தது. கூடவே ஒரு ஹோண்டா சிவிக், இரண்டு மாஸ்டா, எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாத ஒரு வேன்... எல்லாம் திருச்சியில், பெரியப்பா வீட்டு டி.வி-க்குள்!

அண்ணன் யாரிடமோ பழசாக வாங்கிய பி.எஸ்-2. அதில் 'கிரான் டூரிஸ்மோ 4'. ஆட்டத்தைத் தொடங்கினால் கையில் பத்தாயிரம் கிரெடிட் கொடுப்பான். அதில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார். ரேஸ் ஜெயித்தால் காசு, காசு சேர்ந்தால் அடுத்த கார். லோன் கிடையாது, ஆர்.சி புக் கிடையாது, 'சார், பிரீமியம் கட்டலையே' என்று போனும் வராது. செலவு என்று பார்த்தால் எப்போதாவது ஆயில் மாற்றணும், ஆசையிருந்தால் வாட்டர் வாஷ் பண்ணலாம். அவ்வளவுதான் பாஸ் கார் வைத்திருப்பது!

அந்த கேமில் ஒரு ரோடு வரும். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்... அதில் 'நோர்ட்ஷ்லைஃப' என்கிற வடக்குச் சுற்று. 20.8 கிலோமீட்டர். காட்டுக்குள் ஏறி, இறங்கி, வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். நான் அதில் மோதாத தகரம் கிடையாது. மோதினால் 'டொக்' என்று ஒரு சத்தம். கார் ஓரமாக உரசிக்கொண்டு மேலே போகும். ரேஸ் முடிந்து பார்த்தால் ஷோரூம் பெயின்ட் அப்படியே பளபளக்கும். அந்தத் தகரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அதை யோசிக்கவைத்தது 2024 ஜூன் மாதம், ஒரு வார நாள் சாயங்காலம்.

எம்.எஸ் படிக்க வந்து எட்டாவது மாதம். ஊர் ஆஹன். ஜெர்மனியின் மேற்கு ஓரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் பெல்ஜியம், அந்தப் பக்கம் திரும்பினால் நெதர்லாந்து. இன்ஜினீயரிங் படிக்க வருகிற நம்ம பசங்க கணிசமாக இருக்கிற ஊர். எங்கள் ஃப்ளாட்டில் மூன்று பேர். நான், நெல்லைக்காரன் இசக்கி, கோபிச்செட்டிபாளையத்துக் கார்த்தி அண்ணா. அண்ணா எங்களுக்கு ஒரு வருஷம் சீனியர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். யாரைக் கூப்பிட்டாலும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார், ஃப்ரிட்ஜில் தன் தயிரை நாங்கள் தின்றதைக் கண்டுபிடித்த அன்றுகூட!

அண்ணாவிடம் ஒரு கார் உண்டு. 2007 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.2 லிட்டர் பெட்ரோல். 1,900 யூரோவுக்கு வாங்கியது. 'அடேங்கப்பா, கார் வச்சிருக்கீங்களா!' என்று வாய் பிளக்காதீர்கள். ஊருக்கு வெளியே ஒரு குடோனில் அவருக்கு பார்ட் டைம் வேலை. ஷிஃப்ட் காலை நாலு மணிக்கு. அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. போலோ நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் வாடகை நிற்கும். அவ்வளவு நெருக்கமான உறவு.

அந்தப் போலோவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நாற்பது பக்க அன்ரூல்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாலை வரி 81 யூரோ. இது பரவாயில்லை. அந்தக் காலத்து பெட்ரோல் வண்டிக்கு நூறு சி.சி-க்கு 6.75 யூரோ என்று கணக்கு, பன்னிரண்டு நூறுக்கு 81. இன்ஷூரன்ஸ்தான் ஆளைக் கொல்லும். இங்கே எத்தனை வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறீர்களோ, அதற்கேற்ப பிரீமியம் இறங்கும். புது ஆளுக்கு உச்ச ரேட். அண்ணாவுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து நூறு சொச்சம். அதுவும் அடுத்தவனுக்கு ஆகிற சேதத்துக்கு மட்டும். அண்ணாவின் வண்டிக்கு ஏதாவது ஆனால் அண்ணாதான் பார்த்துக்கொள்ளணும். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை. டி.யூ.வி என்றால் இங்கே பெரிய ஆட்களே எச்சில் விழுங்குவார்கள். பிரேக் குழாயில் துரு என்று முதல் தடவை ஃபெயில். சரிபண்ணி, மறுபடி காசு கட்டி பாஸ். பனிக்காலத்துக்குத் தனி டயர் ஒரு செட், செகண்ட் ஹேண்டில். இதெல்லாம் போக பெட்ரோல்.

இவ்வளவுக்கும் முன்னால் லைசென்ஸ் என்று ஒரு தனி அத்தியாயம். நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாசம் வரைதான் செல்லும். அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் மறுபடி எழுதணும். கோபியில் பத்து வருஷம் ஓட்டின மனுஷன் எல் போர்டுக்குத் திரும்பினார்.

மொத்தம் கூட்டிப் பார்த்தால் ஒரே வருஷத்தில் காரின் விலையைவிட கார் தின்றது அதிகம்!

"வாங்கறது ஈஸிங்க தம்பி. வச்சிருக்கறதுதான் கஷ்டம்" என்றார் அண்ணா. மாடு வாங்கின கதையைச் சொல்வது மாதிரி சொன்னார்.

அன்று ராத்திரி ஹாலில் இசக்கி 'கிரான் டூரிஸ்மோ 7' ஆடிக்கொண்டிருந்தான். இந்த கேமில் ஒரு விசேஷம் உண்டு. 2022-ல் வந்தபோதே பழைய அபூர்வ கார்களின் விலையை, நிஜ மார்க்கெட் நிலவரம் சொல்கிற ஹேகர்ட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்துதான் வைத்தார்கள். மெக்லாரன் எஃப்-1 காருக்கு அப்போது கேமில் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் நிஜ எஃப்-1 ஒன்று போன விலை 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, ஏறக்குறைய ஒரு கிரெடிட் ஒரு டாலர். ஆடிச் சம்பாதிக்கப் பொறுமை இல்லையா? 20 லட்சம் கிரெடிட்டை 20 டாலருக்கு விற்றார்கள். கணக்குப் போட்டால் மெக்லாரன் 185 டாலருக்கு வந்துவிடும். அந்த மார்ச் மாதமே அப்டேட் ஒன்றில் பரிசுப் பணத்தைக் குறைத்தார்கள்... உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் கொதித்து எழுந்ததில் கம்பெனி இறங்கி வந்தது வேறு கதை.

விலை நிஜம். சரி. ஆனால் அந்த மெக்லாரனுக்கு வரி? இன்ஷூரன்ஸ்? இஞ்ச் இஞ்சாக அகலமான நாலு டயர்? ஓடின கிலோமீட்டருக்கு ஆயில், எஞ்சின் ஓவர்ஹால் என்று கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சுவரில் மோதி நொறுக்கினாலோ, அடுத்த ரேஸில் புதுசாக வந்து நிற்கிறது.

முயற்சி பண்ணாமல் இல்லை. 2000-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீடு' போர்ஷே பதிப்பில் அடிபட்ட வண்டியை நம் காசில்தான் சரிபண்ணணும். 2005-ல் வந்த 'ஃபோர்ஸா'வில் ரேஸ் முடிந்ததும் பரிசுப் பணத்தில் ரிப்பேரைக் கழித்துக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலே ஃபின்லாந்துக்காரர் ஒருத்தர் உருவாக்கிய 'மை சம்மர் கார்'. 2016-ல் அரைகுறையாக வந்து 2025 ஜனவரியில்தான் முழுசானது. 1995-ஆம் வருஷத்து ஃபின்லாந்து கிராமம், பிரித்துப் போட்ட ஒரு பழைய கார். போல்ட் போல்ட்டாக மாட்டி, பெட்ரோல் போட்டு, தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய், அங்கே ஃபெயிலாகி, காசுக்கு வீடு வீடாக செப்டிக் டேங்க் கழுவப் போகணும்! இசக்கி ஒரு வாரம் ஆடிப்பார்த்துவிட்டு, "ஏல, இதுக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேன்லா" என்று மூடிவைத்துவிட்டான். என் கருத்து, உலகத்திலேயே நேர்மையான கார் கேம் அதுதான். யாரும் ரொம்ப நேரம் ஆட முடியாததற்குக் காரணமும் அதேதான்.

பெரிய கேம்களில் காரை உருத்தெரியாமல் நொறுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். பேரும் லோகோவும் கார் கம்பெனிகளிடம் லைசென்ஸ் வாங்கினவை. தன் கார் அப்பளமாகக் கிடப்பதை எந்தக் கம்பெனி ரசிக்கும்?

அன்று டி.வி-யில் நோர்ட்ஷ்லைஃப ஓடிக்கொண்டிருந்தது. கார்த்தி அண்ணா தட்டில் சோற்றோடு வந்து நின்றார். "இந்த எடம் நம்ம ஊட்லிருந்து நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தானுங்களே?" என்றார்.

பக்கத்தில்தான். ஆஹனில் கிளம்புகிற பி-258 என்கிற நெடுஞ்சாலையைப் பிடித்தால் மோன்ஷாவ், ஷ்லைடன், பிளாங்கன்ஹைம் என்று ஐஃபெல் மலைக்குள் போய் நேராக நியூர்பர்க் ஊரிலேயே கொண்டு விட்டுவிடும். அதைவிட முக்கியமான சங்கதி, அந்த ரேஸ் டிராக் வார நாள் சாயங்காலங்களில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்! 1927-ல் கட்டி முடித்ததிலிருந்தே அப்படித்தான். சட்டப்படி அது ஒரு வழி டோல் ரோடு. லைசென்ஸும், நம்பர் பிளேட் உள்ள வண்டியும் இருந்தால் போதும். 2024-ல் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ரவுண்டு 30 யூரோ, வெள்ளி, சனி, ஞாயிறு 35.

30 யூரோ என்றால் அப்போது நம்ம காசுக்கு 2,700 ரூபாய். ஆளுக்குப் பத்து. இசக்கி துள்ளிக் குதித்தான். அண்ணா நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அப்புறம் அடித்தார். மறுபடி எழுதினார். கோவைக் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் வேலிக்கு வெளியே நின்று ரேஸ் பார்த்த ஆள் அவர். வேலிக்கு உள்ளே போகிற சான்ஸ்.

"போலாங்க" என்றார்.

மோன்ஷாவ் வரை யாரும் வாய் மூடவில்லை. மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், சிலேட்டுக் கூரை, நடுவே சின்னதாய் ஓர் ஆறு... போஸ்ட் கார்டு மாதிரி ஊர். அதற்கப்புறம் காடு. ஐஃபெல் பழைய எரிமலைப் பிரதேசம். உயரம் பெரிசாகத் தெரியாது, ஆனால் ரோடு ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டுமே இருக்கும். ஒரு காலத்தில் ரொம்பவும் ஏழைப் பகுதி. 1925-ல் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கிற திட்டமாகத்தான் இந்த டிராக்கையே கட்ட ஆரம்பித்தார்கள். மலை எப்படிப் போகிறதோ அப்படியே ரோடும் போனது. அதுதான் பிற்பாடு உலகப் புகழ் ஆனது!

நியூர்பர்க் ரொம்பச் சின்ன ஊர். நடுவே குன்றின் மேல் இடிந்த கோட்டை. அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் டிராக் போகிறது. பக்கத்தில் பிரமாண்டமாய் ஒரு கட்டடக் கூட்டம். ஷாப்பிங், ஹோட்டல், பொழுதுபோக்கு என்று மாநில அரசு கோடி கோடியாய்க் கொட்டி 2009-ல் திறந்தது. அங்கேயே ரேஸ் கார் வேகத்தில் பாயும் ரோலர் கோஸ்டர் ஒன்றும் கட்டினார்கள். கோளாறுக்கு மேல் கோளாறாகி 2013 அக்டோபர் கடைசியில்தான் ஓடியது. சில நாட்களிலேயே நின்றுபோனது. அதற்கு முந்தின வருஷமே, அதாவது 2012-ல், நியூர்பர்க்ரிங் கம்பெனி திவால். 2014-ல் தனியாருக்கு விற்றார்கள். அண்ணா இதைக் கேட்டுவிட்டு, "டிராக்குக்கே வச்சுப் பராமரிக்க முடியலீங்க பாருங்க" என்று போலோவின் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

நுழைவாயில் பார்க்கிங்கில் எங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது. போர்ஷே, பி.எம்.டபிள்யூ, உள்ளே சீட்டெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு மாட்டின குட்டிக் கார்கள். பெல்ஜியம், இங்கிலாந்து, போலந்து நம்பர் பிளேட்டுகள். ஒரு குடும்பம் வேனில் குழந்தைகளோடு வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் போலோவைப் பார்த்து ஒரு தாத்தா கட்டை விரலை உயர்த்தினார். கிண்டலா, பாராட்டா, இன்றுவரை தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. தானாக வரவில்லை, லாரியின் முதுகில் ஏறி வந்தது.

முன் பக்கம் ஒரு மூலை இல்லவே இல்லை. சக்கரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. பின்னாலேயே நடந்து வந்த பையனுக்கு எங்கள் வயசுதான் இருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த முகம்! ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் நிற்கிறவன் முகம். யாரிடமோ போனில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் அப்பாவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் தோன்றும் எனக்கு. ஊரில் என் எஜுகேஷன் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பது என் அப்பா.

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், அடிக்கடி வருகிறவர், விளக்கினார். நாங்கள் முழித்த முழியைப் பார்த்து இங்கிலீஷுக்கு மாறினார். இங்கே மோதினால் முதலில் மீட்பு லாரிக்குக் காசு. வளைந்த தகரத்துக்கு மீட்டர் கணக்கு. சாய்ந்த தூணுக்கு எண்ணிக்கைக் கணக்கு. ஆயில் கொட்டினால் கழுவுகிற செலவு. சொந்த இன்ஷூரன்ஸ் தன் வண்டியின் சேதத்துக்கு வருமா என்றால், ரேஸ் டிராக்கில் ஓட்டினால் கிடையாது என்று பல கம்பெனிகள் பாலிசியிலேயே எழுதிவைத்திருக்கின்றன. சாதாரண வாடகைக் காரில் வரலாம் என்று நினைத்தால், அந்த ஒப்பந்தத்திலும் இந்த இடத்துக்கு வரவே கூடாது என்று இருக்கும். இங்கேயே ஓட்டுவதற்கென்று வாடகைக்கு விடுகிற கடைகள் ஊரில் உண்டு. அவர்களிடம் எடுத்தாலும், மோதினால் முதல் சில ஆயிரம் யூரோ நம்முடையது.

"நம்ம வண்டிக்கு?" என்று கேட்டான் இசக்கி.

"தகரத்துக்கு நம்ம இன்ஷூரன்ஸ் வரும்னு நெனைக்கறேன். ஆனா ஒருக்கா கிளெய்ம் பண்ணுனா அடுத்த வருஷ பிரீமியம் ஏறிக்கும். வண்டி போனா வண்டி போனதுதான்" என்றார் அண்ணா. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட் இருக்குதுங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

திரும்பிவிடலாமா? யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அண்ணா வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். டிக்கியிலிருந்த அரிசி மூட்டையையும் ஜாக்கியையும் இறக்கி, அந்தக் காபிக்காரரிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு போய் 30 யூரோ கட்டி அட்டையை வாங்கிவந்தார்.

"நீங்க முன்னாடி உக்காருங்க தம்பி. ரோடு உங்களுக்குத்தானே தெரியும்?"

எனக்கு ஓட்ட முடியாது. எட்டு மாசமாகிவிட்டதே, லைசென்ஸ் காலாவதி. ஆனால் ஏழாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்த 20.8 கிலோமீட்டர் முதல் முறையாக யாருக்கோ உபயோகப்படப்போகிறது!

கேட் திறந்தது. ஆரஞ்சு கூம்புகளுக்கு நடுவே வளைந்து போய், சட்டென்று ரோடு அகன்றது. "ஹாட்ஸன்பாக் வருது அண்ணா, இடது, வலது, இடது, வலது" என்று பஸ் கண்டக்டர் மாதிரி ஆரம்பித்தேன். எல்லா வளைவும் சொன்ன இடத்தில் இருந்தது. எனக்கே புல்லரித்தது. ஆனால் ஒன்று மட்டும் தப்பு. கேமில் இந்த ரோடு தட்டை! டி.வி-யில் ஏற்ற இறக்கம் தெரிவதே இல்லை. அடியிலிருந்து உச்சி வரை சுமார் 300 மீட்டர் வித்தியாசம். ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் ஏறும்போது ரோடே கண்ணில் படவில்லை. வானம்தான் தெரிந்தது. நான் பாட்டுக்கு "வலதுண்ணா, வலதுண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் ஒரு போர்ஷே பெரிதாகிக்கொண்டே வந்தது. அண்ணா இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் ஒதுங்கினார். இங்கே மெதுவாகப் போகிறவன் வலதில் போகணும், முந்துகிறவன் இடதில்தான் முந்தணும். 'சர்ர்'ரென்று அது போன காற்றில் போலோ ஒரு முறை ஆடியது. கேமில் பின்னால் வருகிறவனை மறித்துத்தான் எனக்குப் பழக்கம்.

ஃபுக்ஸ்ரோர. நரி வளை என்று அர்த்தம். செங்குத்தாக இறங்கி, பள்ளத்தில் அமுங்கி, அப்படியே மேலே தூக்கும். கேமில் நான் இங்கே ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை எடுத்ததே இல்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது: "இங்க ஃபுல்லுண்ணா!"

அண்ணா பிரேக்கில் காலை வைத்தார்.

சொல்லப்போனால் காலை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் தகரம் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். பழைய தகரங்களுக்கு நடுவில் சில துண்டுகள் மட்டும் பளபளவென்று புதுசாக மின்னின. அந்தப் புதுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். கேமில் எல்லாத் தகரமும் ஒரே நிறம்.

அடெனாவ் பக்கம் பள்ளத்தில் இறங்கும்போது, "பெடல் கொஞ்சம் மெத்துன்னு போகுதுங்க" என்றார் அண்ணா. அவர் குரல் மாறியதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசான திரவம் சூடேறினால் சீக்கிரம் கொதித்து உள்ளே குமிழி விடும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால் பெடல் பஞ்சாகும், வண்டி நிற்காது. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிற வண்டியில் அது நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. நல்லவேளை, அதற்கப்புறம் ஏற்றம். கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஏறினார்.

பெர்க்வெர்க் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் ரோடு லேசாகத் திரும்பும். 1976 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிக்கி லாவ்டாவின் ஃபெராரி தீப்பிடித்தது அந்த இடத்தில்தான். ஆறு வாரத்தில் மறுபடி ரேஸுக்கு வந்தார் மனுஷன். ஃபார்முலா ஒன் அதன்பிறகு இந்தப் பாதைக்கு வரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். பின்சீட்டிலிருந்து இசக்கி, "சவத்த, இப்ப அத சொல்லாதல" என்றான்.

கருசெல்லில் கான்கிரீட் தொட்டிக்குள் சக்கரத்தை இறக்கி 'கடகடகட'வென்று சுற்றி வெளியே வந்தோம். உள்ளே இருந்த ஸ்பேனர், டிபன் பாக்ஸ், பல் எல்லாம் ஆடியது. ப்ரூன்ஷனில் வேலிக்குப் பின்னால் நின்ற கூட்டம் எங்களைப் பார்த்துக் கை தட்டியது. மோதுகிறவர்களைப் பார்க்கத்தான் அங்கே நிற்பார்கள் என்று அந்தக் காபிக்காரர் சொல்லியிருந்தார். ஏமாற்றிவிட்டோம். கடைசி நீள நேர் ரோட்டில்கூட அண்ணா நூறைத் தாண்டவில்லை. பிரேக் ஆறட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்திலேயே வேலிக்கு அந்தப்பக்கம் நாங்கள் வந்த பி-258. அதில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

என் கைக்கடிகாரத்தில் பதினாலு நிமிஷம். கேமில் ஒன்பதுக்குள் முடிப்பேன். இசக்கிக்கு ரீல்ஸ் போடக்கூட வழியில்லை, உள்ளே வீடியோ எடுக்கத் தடை.

பார்க்கிங்கில் நிறுத்தியதும் முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அண்ணா சிரித்தார் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் நான் பார்த்ததில்லை. "ஆத்தாடி!" என்றார். அவ்வளவுதான். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து மறுபடி சிரித்தார்.

அந்தச் சிவப்பு வண்டிப் பையன் இன்னும் அங்கேயேதான் இருந்தான். லாரி போயிருந்தது. நடைபாதைத் திண்டில் உட்கார்ந்து, கையில் ஒரு காகிதத்தை வைத்து மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தான். அண்ணா எங்கள் சப்பாத்திப் பொட்டலத்தில் இரண்டை எடுத்துக்கொண்டுபோய் அவனிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டியவன், அப்புறம் வாங்கிக்கொண்டான்.

டோட்டிங்கர் ஹோஹ பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். உள்ளே சுவர் முழுக்க பொம்மைக் கார்கள் விற்கிறார்கள். ஒரு குட்டிப் போலோ கிடைக்குமா என்று தேடினேன். விலையைப் பார்த்து வைத்துவிட்டேன். அண்ணா பெட்ரோல் போட்டுவிட்டு, போனட்டின் மேல் நோட்டை விரித்து எழுதினார். ரவுண்டு 30. பெட்ரோல் ஒரு தொகை. பிரேக் திரவம் மாற்ற ஒரு தொகை. பேடு பார்க்கணும் என்று ஒரு கேள்விக்குறி. கீழே கோடு போட்டுக் கூட்டினார். எங்கள் பத்து, பத்தைக் கழித்தார். மிச்சம், குடோனில் எத்தனை மணி நேரம் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் என்பதால் வெளிச்சம் மங்கவே பத்து மணியானது. திரும்பும் வழியெல்லாம் பி-258-ல் ஐம்பது, எழுபது என்று போர்டில் போட்ட வேகத்தில் வந்தோம். மறுநாள் நாலு மணி ஷிஃப்ட்டுக்கு அண்ணா கிளம்பின சத்தம் அரைத் தூக்கத்தில் கேட்டது. போலோ முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

அன்று சாயங்காலம் இசக்கியின் கேமைப் போட்டேன். அதே நோர்ட்ஷ்லைஃப. கராஜில் இருந்ததிலேயே பெரிய காராக எடுத்தேன். ஹாட்ஸன்பாக், ஃப்ளூக்பிளாட்ஸ் எல்லாம் பழைய வேகத்தில் போனது. ஃபுக்ஸ்ரோர வந்தது. இறக்கம் ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து என் விரல் தானாக எடுபட்டது. கார் வேகம் குறைந்து, தகரத்தை விட்டு விலகி, சமர்த்தாக இறங்கியது.

பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தார் கார்த்தி அண்ணா.

"வலது பக்கம் ஒதுங்கிக்கோங்க தம்பி. பின்னாடி வண்டி வருதுங்க."